குவாடலூப் ஆத்துக்கு ஒரு வீக்கெண்ட்: ‘வேண்டாம்’னு யார் சொல்றது?

வெயில் ஏற ஆரம்பிச்சா ஆஸ்டின், சான் அன்டோனியோ, ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்ம ஆட்கள் என்கிட்ட கேட்கும் கேள்வி ஒண்ணுதான். “ப்ரோ, ஆத்துல இறங்கிக் குளிக்கிற மாதிரி ஒரு ஸ்டேட் பார்க் சொல்லுங்க.” நான் சொல்றது எப்பவும் குவாடலூப் ரிவர் ஸ்டேட் பார்க். இன்னிக்கு எபிசோட் முழுக்க அங்கே போக எப்படி பிளான் பண்றதுன்னுதான்.

முதல்ல அடிப்படை விஷயங்கள். சான் அன்டோனியோவுக்கு வடக்கே சுமார் 30 மைல்ல, ஸ்பிரிங் பிராஞ்ச் ஊர்ப் பக்கம் இருக்கு. பார்க்குக்குள்ள சுமார் 4 மைல் நீளத்துக்கு ஆத்தங்கரை. கரையோரம் பெரிய பெரிய சைப்ரஸ் மரங்கள், எதிர்ப்பக்கம் சுண்ணாம்புக்கல் பாறை. 13 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு 7 டாலர், 12 வயசு வரைக்கும் இலவசம். வருஷத்துல பல பார்க் போறவங்களா இருந்தா வருஷ பாஸ் வாங்கிடுங்க. உங்க கார்ல வர்றவங்களுக்கும் சேர்த்து அது செல்லும். கோடை வீக்கெண்ட்ல பார்க் நிறைஞ்சா கேட்டை மூடிடுவாங்க. டே பாஸை ஒரு மாசம் முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கலாம், எடுத்துடுங்க.

இதுவரைக்கும் எல்லா குரூப்பும் சரியா பண்ணிடுவாங்க. பிரியாணி யார் கொண்டு வர்றது, ஸ்பீக்கர் யார் எடுத்துட்டு வர்றதுன்னு லிஸ்ட் போட்டுடுவோம். அந்த லிஸ்ட்ல இல்லாத ஒரே விஷயம் ஆறு.

நம்மள்ல பல பேர் டியூபிங் போனது நியூ பிரான்ஃபெல்ஸ்ல. அதுவும் இதே குவாடலூப் ஆறுதான். ஆனா அங்கே தண்ணி வர்றது கேன்யன் லேக் அணையில இருந்து. எவ்வளவு திறந்து விடணும்னு முடிவு பண்ண ஆள் இருக்காங்க. நான் சொல்ற பார்க் அந்த ஏரிக்கு மேற்பக்கம், ஆறு ஏரியைச் சேர்றதுக்கு முன்னாடி. ஹன்ட், கெர்வில், கம்ஃபர்ட்னு மேற்கே பெய்யும் மழை எல்லாம் இந்தப் பார்க் வழியாத்தான் வரணும். நடுவுல தடுத்து நிறுத்தப் பெரிய அணை கிடையாது. நம்ம வேலை பாஷையில சொன்னா, அப்ஸ்ட்ரீம்ல என்ன டெப்ளாய் ஆகுதோ அது நேரா நம்ம மேல வந்து விழும்.

ஹில் கன்ட்ரி மண்ணும் அப்படி. சுண்ணாம்புப் பாறை மேல மெல்லிசா ஒரு மண் அடுக்கு, செங்குத்தான சரிவு. மழைத்தண்ணி உள்ளே இறங்காது, அப்படியே ஓடி ஓடையில சேரும். வளைகுடாவில இருந்து வரும் ஈரக்காத்து இந்த மேட்டுல ஏறும்போது மழையாக் கொட்டும். அதனாலதான் இந்த வட்டாரத்துக்கு ‘ஃபிளாஷ் ஃபிளட் ஆலி’ன்னே பேர். குற்றாலத்துல மலை மேல மழைன்னா கீழே வெயில் அடிச்சாலும் அருவியில தடை போடுவாங்களே, அதே கணக்குதான்.

2025 ஜூலை 4. லாங் வீக்கெண்ட். விடியறதுக்கு முன்னாடி கெர் கவுண்டியில இந்த ஆறு 45 நிமிஷத்துல சுமார் 26 அடி ஏறுச்சு. அந்தக் கவுண்டியில மட்டும் 100 பேருக்கு மேல இறந்தாங்க. அதுல சம்மர் கேம்ப்புக்கு வந்த சின்னப் பெண் பிள்ளைகளும் உண்டு. 1987 ஜூலை 17-ல கம்ஃபர்ட் பக்கத்துல ஒரு கேம்ப்பைக் காலி பண்ணி பிள்ளைகளை பஸ்ல ஏத்திட்டுக் கிளம்பினாங்க. அந்த பஸ் வெள்ளத்துல சிக்கி 10 டீனேஜ் பசங்க இறந்தாங்க. லேட்டா கிளம்பி தண்ணி ஓடும் ரோட்டைக் கடக்கிறதும் ஆபத்துதான்னு அது காட்டுது.

அப்போ போகவே கூடாதா? போகலாம், நானும் போறேன். ஆனா டிக்கெட் எடுக்கும்போதே சில விஷயங்களை முடிவு பண்ணிடுவேன்.

ஒண்ணு, கேஜ். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஆத்துல அங்கங்க அளவுக் கருவி வச்சிருக்கு. ஸ்பிரிங் பிராஞ்ச்ல ஒண்ணு, மேலே கம்ஃபர்ட்ல ஒண்ணு. ரெண்டையும் போன்ல இலவசமாப் பார்க்கலாம். ஓட்டத்தை வினாடிக்கு இத்தனை கன அடின்னு காட்டும். 100 கன அடின்னா வினாடிக்கு சுமார் 2,800 லிட்டர். அந்த ஒரு எண்ணை விட கிராஃப் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. கம்ஃபர்ட்ல கோடு செங்குத்தா ஏறினா அந்தத் தண்ணி உங்க பக்கம்தான் வருது. கைல சில மணி நேரம் இருக்கலாம். ஆனா பார்க் பக்கத்து ஓடையிலயே மழை கொட்டினா அந்த நேரமும் கிடைக்காது. கடும் வறட்சியில ஓட்டம் நின்னு குட்டை குட்டையாத் தேங்குறதும் உண்டு. அதுவும் கிராஃப்லயே தெரிஞ்சிடும்.

ரெண்டு, ‘வாட்ச்’, ‘வார்னிங்’ வித்தியாசம். ஃபிளாஷ் ஃபிளட் வாட்ச்னா வெள்ளம் வர சூழ்நிலை இருக்கு. வார்னிங்னா வந்துடுச்சு, இல்லை வரப்போகுது. ராத்திரி தூக்கம் கெடுதுன்னு எமர்ஜென்சி அலர்ட்டை ஆஃப் பண்ணி வச்சிருந்தா கிளம்பும் முன்னாடி ஆன் பண்ணுங்க. சிக்னல் இல்லாத இடத்துல பேட்டரி வெதர் ரேடியோதான் உதவும்.

மூணு, கேம்பிங். ஆத்துக்கு ஒட்டின இடம் போட்டோவுக்கு நல்லா இருக்கும், ஆனா நான் மேட்டுப் பக்கம்தான் எடுப்பேன். கூடாரம் அடிச்சதும், வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்து பாருங்க. டார்ச்சும் ஷூவும் தலைமாட்டுல. ஆறு ஏறினா நடந்து மேலே போங்க. தண்ணி ஓடும் ரோட்டுல காரை இறக்காதீங்க. ஒரு அடி தண்ணி போதும், சின்ன காரை இழுத்துட்டுப் போயிடும். பகல்லயும் இங்கே லைஃப்கார்ட் கிடையாது. நீச்சல் தெரியாதவங்க எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட்.

நாலாவதுதான் கஷ்டம்: கேன்சல்னு யார் சொல்றது? 12 பேர் லீவு போட்டாச்சு, கூலர் நிரப்பியாச்சு. அப்போ “வாட்ச் போட்டிருக்காங்க”ன்னு ஒருத்தர் சொன்னா மத்தவங்க “அதெல்லாம் சும்மா மச்சி”ம்பாங்க. போன வருஷம் எங்க குரூப்ல நான்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்தினேன். சனிக்கிழமை பார்க் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. மூணு வாரம் என்னை ‘ரமணன் சார்’னு கூப்பிட்டாங்க. இருக்கட்டும். மழை வராமப் போனதால அந்த முடிவு தப்பாகிடாது. நம்ம கைல இருந்த தகவலுக்கு அது சரியான முடிவு.

அதுக்கப்புறம் எங்க குரூப்ல ரூல் போட்டுட்டோம். முந்தின நாள் ராத்திரி 8 மணிக்கு ஒருத்தர் பார்ப்பார். பார்க்குக்கோ மேலே கெர் கவுண்டிக்கோ வாட்ச் இருந்தாலோ, கம்ஃபர்ட் கிராஃப் ஏறினாலோ, ஆறு கிடையாது. விவாதமும் கிடையாது. பிளான் பி நேச்சுரல் பிரிட்ஜ் கேவர்ன்ஸ் குகைக்கு. பிரியாணி அங்கேயும் வரும். முன்னாடியே எல்லாரும் ஒத்துக்கிட்ட ரூல்ங்கறதால, நிறுத்துறவர் பயந்தாங்கொள்ளி ஆகமாட்டார்.

உங்க குரூப்ல அந்த 8 மணி ஆள் யாருன்னு இந்த எபிசோட் முடிஞ்சதும் வாட்ஸ்அப்ல கேட்டுடுங்க. யாரும் கை தூக்கலைன்னா அது நீங்கதான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பத்திரமா போயிட்டு வாங்க!