பத்துப் பெண்களாகப் போங்கள்
(பெருங்கடவிளைக் கூட்டத்தில் பேசியது)



1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு எங்கே விழுந்தாலென்ன, கூலிக்காரனை உறிஞ்சும் பிளேடு வட்டி இரண்டு பக்கமும் ஒன்றுதான்!

அதிலிருந்து மீள ஒரு வழி, 1998-இல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம். வீட்டுக்கு ஒரு பெண்ணாகப் பத்து முதல் இருபது பேர் சேர்வார்கள். சிறுகச் சேமித்து, அந்தப் பணத்திலிருந்தே அவசரத்துக்குக் கடன் எடுப்பார்கள். யாருக்கு முதலில் என்பதையும் கூட்டமே முடிவு செய்யும்.

உங்கள் வார்டுப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். தனியாகப் போனால் ‘நாளைக்கு வா’ என்பார்கள். பத்துப் பெண்களாகப் போங்கள். கணக்குப் புத்தகம் மலையாளத்தில் இருக்கும். தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூச்சம் எதற்கு, உங்கள் பணம்தானே!

சேர விரும்பும் சகோதரிகள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே பெயர் கொடுக்கலாம்.