நெல் வாடுகிறது, சோளம் நிற்கிறது. ஏன்?

கொழிஞ்சாம்பாறை கேரளத்தில் இருக்கிறது. ஆனால் கேரளத்தின் மற்ற ஊர்களைப் போல இங்கே மழை பெய்வதில்லை. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பகுதி. இந்தத் தாலுகாவின் நெல் வயல்கள் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. 1970-ஆம் ஆண்டு கேரளமும் தமிழ்நாடும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி அந்தத் தண்ணீர் வருகிறது.

2016-ஆம் ஆண்டு இரண்டு பருவமழைகளும் பொய்த்தன. கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. அதுபோன்ற ஆண்டில் நெல்தான் முதலில் வாடும். சோளம் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். நெல், சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு எல்லாமே புல் குடும்பம்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இலைதான் பயிரின் சமையலறை. வெயில்தான் அடுப்பு. தண்ணீரும் கரியமில வாயுவும் சேர்ந்தால் பயிருக்கு உணவு தயார். இதற்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர்.

கரியமில வாயு இலைக்குள் எப்படி வருகிறது? இலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. அவை வழியாக வருகிறது. அதே துளைகள் வழியாகத்தான் தண்ணீரும் ஆவியாக வெளியே போகிறது. வறட்சி வந்தால் பயிர் தண்ணீரைக் காக்கத் துளைகளை மூடுகிறது. அப்போது கரியமில வாயுவும் குறைந்துவிடுகிறது.

இங்கேதான் நெல்லுக்குத் தொல்லை. கரியமில வாயுவைப் பிடிப்பது இலையில் உள்ள ஒரு புரதம். அதன் பெயர் ரூபிஸ்கோ. கரியமில வாயு குறைந்து, சூடும் ஏறினால், அது தவறுதலாகப் பிராணவாயுவை அதிகமாகப் பிடிக்கிறது. அரிசியோடு கல்லையும் உலையில் போட்டது போல! அந்தத் தவற்றைச் சரிசெய்யப் பயிர் தன் சக்தியைச் செலவழிக்கிறது. ஏற்கெனவே சேர்த்ததிலும் ஒரு பங்கை இழக்கிறது. இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர்.

சோளத்தின் வழி வேறு. அது கரியமில வாயுவை முதலில் இலையின் வெளிப்பக்க அறைகளில் பிடிக்கிறது. பிறகு நரம்பைச் சுற்றியுள்ள உள் அறைகளில் கொண்டுபோய்க் குவிக்கிறது. ரூபிஸ்கோ அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் கரியமில வாயு நிறைந்திருப்பதால் தவறு மிகக் குறைவு. துளைகள் பாதி மூடினாலும் சமையல் நடக்கும். கம்பு, கேழ்வரகு, கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் இப்படித்தான். ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இரு விஞ்ஞானிகள் 1966-இல் கரும்பை ஆராய்ந்து இந்த வழியை விளக்கினார்கள்.

ஒரு கிலோ உலர்ந்த பயிர் வளர, சோளத்தின் இலை வழியே சுமார் 300 லிட்டர் தண்ணீர் போகும். நெல்லில் சுமார் 700 லிட்டர் போகும். வயலில் தேக்கும் தண்ணீர் தனி.

சோளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வறட்சி முற்றினால் அதன் துளைகளும் மூடிவிடும். கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் மணி பிடிக்காது. இன்னொன்றும் முக்கியம். வாடிய இளஞ்சோளத்தில் மாட்டைக் கொல்லும் நஞ்சு உண்டாகும். அதில் மாட்டை மேய விடக் கூடாது. பூத்த பிறகு அறுத்து, காயவைத்துக் கொடுப்பது நல்லது.

வாய்க்காலில் தண்ணீர் உறுதியா? நெல் போடலாம். உறுதியில்லையா? கடன் வாங்கி நெல் நடும் முன் ஒரு முறை யோசிக்க வேண்டும். சோளமும் கம்பும் கேழ்வரகும் ஏழைகளின் பயிர் என்று ஒதுக்க வேண்டாம். அவை குறைந்த தண்ணீரில் பிழைக்கக் கற்ற பயிர்கள்.