தலைக்கோலும் பொன்னாடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

புலவர் பெருமக்கள் நின்று பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கும் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நன்றி. எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆகவே கலையைப் பற்றியும் கணக்கின் வழியிலேயே சில சொல்ல விழைகிறேன்.

நம் சங்கம் வரும் ஆண்டு முதல் இந்நகரத்துக் கலைஞர் ஒருவருக்கும், கலையைப் புரப்பவர் ஒருவருக்கும் ஆண்டுதோறும் விருது வழங்குவதென ஆலோசித்து வருகிறது. விருது வழங்குதல் நற்செயல் என்பதை நிலைநாட்டச் சொற்பொழிவு தேவையில்லை. யாருக்கு வழங்குவது, எப்பொழுது வழங்குவது, எவ்வாறு வழங்குவது என்னும் மூன்றுமே நாம் கூடி ஆராயத் தக்கவை.

விருதளிப்பு விழா ஒன்றை விரிவாகக் காட்டும் இடம் நம் இலக்கியத்திலேயே உண்டு. அது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. காவிரிப்பூம்பட்டினத்து மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். மன்னன் பச்சை மாலையும் 1008 கழஞ்சு பொன்னும் வழங்குகிறான். தலைக்கோற் பட்டமும் அவளுக்குக் கிடைக்கிறது. தலைக்கோல் என்பது யாது? தோற்றுப்போன பகைவேந்தனின் வெண்கொற்றக் குடைக் காம்பை எடுத்து, கணுக்கள்தோறும் மணி பதித்து, பொன் தகடு போர்த்திச் செய்த கோல் அது. போர்க்களத்து வெற்றிப் பொருளைக் கொண்டுவந்து கலைக்குச் சின்னமாக வைத்த நாடு நம் நாடு என்று எண்ணும்போது உள்ளம் பூரிக்கிறது.

ஆனால் அப்பரிசிலைச் சொல்வதற்கு முன்னர் இளங்கோவடிகள் யார் யாரைப் பாடுகிறார் என்று பாருங்கள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் தகுதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். பின்பு அரங்கத்தின் அளவைக் கூறுகிறார்: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். தூணின் நிழல் ஆடுபவள்மேல் விழாதபடி விளக்கு வைத்ததையும் மறவாமல் குறிக்கிறார். இத்தனை பேருடைய உழைப்பையும் வரவில் எழுதிய பின்னரே மாதவி பெற்ற பொன்னைச் சொல்கிறார். கணக்கெழுதும் எனக்கு இதைக்காட்டிலும் நேர்மையான பேரேடு வேறொன்று தெரியாது.

பிற்காலத்தில் இவ்வரிசையில் பல பெயர்கள் விடுபட்டன. சென்னை மியூசிக் அகாதெமி 1942 முதல் 'சங்கீத கலாநிதி' என்னும் பட்டத்தை வழங்கி வருகிறது. கருநாடக இசையுலகில் அதற்கு ஈடான மதிப்பு அரிது. பாடுபவரின் அருகிலமர்ந்து கச்சேரிக்கு உயிரூட்டும் மிருதங்கத்துக்கு அப்பட்டம் முதன்முதலாகக் கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயர் வாயிலாக. அதனைப் பெற்ற முதற் பெண்மணி எம்.எஸ். சுப்புலட்சுமி, ஆண்டு 1968. நாட்டியத்துக்கு அப்பட்டம் முதலில் வந்தது 1973இல், பாலசரஸ்வதி அம்மையார் வாயிலாக. குறை கூறுவதற்காக இவற்றை நான் அடுக்கவில்லை. பெருஞ்சபைகளுக்கும் பார்வை விரியக் காலம் பிடிக்கிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன். இன்று தொடங்கும் சிறு சங்கம் அக்காலத் தாமதத்தை மேற்கொள்ள வேண்டியதில்லை.

இனி நம் நகரத்துக்கு வருவோம். கலைஞரைப் போற்றுவதில் மும்பை எவ்வூருக்கும் இளைத்ததன்று. 1952இல் தொடங்கிய சண்முகானந்த சபை 1963இல் கிங்ஸ் சர்க்கிளில் பெருமண்டபம் எழுப்பியது. 1990இல் தீயில் அழிந்த அம்மண்டபத்தை மனந்தளராமல் மீண்டும் எடுத்துக் கட்டியது. அச்சபை எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் இளம் இசைவாணர்க்கு உதவித்தொகையும் வழங்கி வருகிறது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. மாதுங்காவில் திருவிடைமருதூர் நட்டுவ மரபினர் 1945இல் நிறுவிய ராஜராஜேசுவரி பரத நாட்டியக் கலா மந்திர் தலைமுறை தலைமுறையாக நம் பெண்மக்களுக்கு ஆடல் பயிற்றியிருக்கிறது. சுர் சிங்கார் சம்சத் என்னும் அமைப்பு, வளர்ந்துவரும் கலைஞர்க்கு 'சுர்மணி', 'சிங்கார்மணி' முதலிய பட்டங்களை வழங்கி வந்தது. இவை யாவும் நாம் பெருமைப்படத் தக்க வரவுகளே.

எனினும் ஏட்டில் ஒரு பக்கம் எழுதப்படாமல் வெறுமையாகக் கிடக்கிறது. மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே இருப்பவை சில தண்டவாளங்களே. நடைபாலம் ஏறி இறங்கினால் சில நிமிட வழி. அப்பக்கத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பல தலைமுறையாக வாழும் நம் மக்கள் இருக்கின்றனர். பொங்கல் நாளில் தொண்ணூறடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டும் அத்தாய்மார்களை அறியாதார் யார்? அங்கே பறை முழங்குகிறது, அம்மன் கொடையில் வில்லுப்பாட்டு ஒலிக்கிறது, கரகம் ஆடுகிறது. ஆனால் விருதுப் பட்டியல்களில் அவர்தம் பெயர் காண்பது அரிதாகவே இருக்கிறது.

அவர் கலை விருதுக்குரியதா என்று ஐயுறுவோர்க்கு நாடே விடை சொல்லிவிட்டது. நெல்லை மண்ணின் வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் 2025இல் பத்மஸ்ரீ பெற்றார். டில்லி வரை கேட்ட பறையோசை, தண்டவாளத்துக்கு இப்பால் இருக்கும் நம் காதுக்குக் கேட்கவில்லை என்றால் அது நமக்குப் பெருமையாகுமா?

அடுத்தது, எப்பொழுது வழங்குவது என்பது. சுப்பு ஆறுமுகம் பத்மஸ்ரீ பெற்றபோது அகவை தொண்ணூறைக் கடந்திருந்தார். அடுத்த ஆண்டே மறைந்தார். நாம் வாழும் மராட்டிய மண்ணில் தமாஷாக் கலையின் பேரரசி எனப் புகழப்பெற்ற விட்டாபாய் நாராயண்காவ்கர் குடியரசுத் தலைவரின் விருதே பெற்றவர். ஆயினும் முதுமையில் போதிய ஆதரவின்றி வாடி, 2002இல் காலமானார். அவருடைய மருத்துவமனைக் கட்டணத்தையும் நன்கொடையாளரே செலுத்த நேர்ந்தது. இன்று அவர் பெயரால் மராட்டிய அரசு வாழ்நாள் சாதனை விருது வழங்குகிறது. அது போற்றத்தக்கதே. ஆயினும் பதக்கம் பெட்டியில் இருக்க, மருந்துச் சீட்டு கையில் இருந்த அந்த நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பொன்னாடை போர்த்தினால் தோள் குளிரும், வயிறு நிறையாது. ஆகவே விருதோடு பொற்கிழியும் சேர வேண்டும். அதுவும் கை தளராத காலத்திலேயே சேர வேண்டும்.

கலை புரப்பவர் விருதைப் பற்றி ஒரு சொல். பெருந்தொகை கொடுத்தவர்க்கு மாலையிடுவது முறையே. அவர் இன்றி மண்டபம் எழாது. ஆனால் இந்நகரத்தில் பணத்தைக் காட்டிலும் அரிய பொருள் ஒன்றுண்டு. அது இடம். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐவர் வாழும் குடும்பம், மாலையில் ஒரு மணி நேரம் பாய் படுக்கைகளைச் சுருட்டி வைத்துவிட்டுப் பத்துப் பிள்ளைகள் பாட்டுப் பயில இடம் விடுகிறதென்றால், அது கொடுத்தது என்ன? தன் இருப்பில் பாதி! எந்தக் காசோலை அதற்கு நிகராகும்? அலுவல் முடிந்து, மாலை நெரிசலில் லக்கேஜ் பெட்டியில் மிருதங்கத்தை மடியில் அணைத்துக்கொண்டு டோம்பிவிலியிலிருந்து வந்து, சம்பளம் கேளாமல் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் கலை புரப்பவர் அல்லரா? ஜமக்காளம் விரித்து, ஒலிபெருக்கி கட்டி, கடைசியில் விளக்கணைத்துச் செல்லும் தொண்டர் அல்லரா? இளங்கோவடிகள் விளக்கு வைத்ததையும் பாடினார் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

இவ்வளவும் சொன்ன பின், செயற்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் கலைஞர் விருது கூத்து, பறை, வில்லுப்பாட்டு முதலிய மக்கள் கலைகளுக்குச் செல்ல வேண்டும். விழாவும் அவ்வாண்டு தாராவியிலேயே நடைபெற வேண்டும்.

இரண்டாவது, ஒருவருக்கு விருது அளிக்கும்போது அவர்தம் ஆசிரியர், பக்கவாத்தியக்காரர் ஆகியோர் பெயரும் பாராட்டிதழில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, பொற்கிழி. 100 குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும். யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. ஒருவரே கொடுத்தால் விருது அவர் விருப்பத்துக்கு வளையக்கூடும். நூறு பேர் கொடுத்தால் அது ஊர்ப் பொதுவாகும்.

நான்காவது, பழந்தமிழரிடம் ஆற்றுப்படை என்றொரு நன்மரபு இருந்தது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் வாடி வரும் மற்றொரு பாணனைக் கண்டு, வள்ளல் இருக்கும் திசையைக் காட்டி அனுப்புவான். பத்துப்பாட்டில் சரிபாதி அவ்வகை நூல்களே. நம் விருதைப் பெறுபவரும், அடுத்த ஆண்டுக்கு, உலகறியாத கலைஞர் ஒருவரை நமக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். கலைஞரை அறிய கலைஞரைக் காட்டிலும் நல்ல வழிகாட்டி இல்லை.

அன்பர்களே! மண் விட்டு வந்த நமக்கு நாளெல்லாம் உழைப்பு; நெடுந்தொலைவு ரயில் பயணம். அக்களைப்புக்கிடையே நம் பிள்ளைகள் வாயில் தமிழ்ப்பாட்டும் காலில் சலங்கையும் இருக்கின்றனவென்றால், அதைக் காத்துத் தந்தவர்க்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அக்கடனைக் காலத்தே தீர்க்கவே விருது கேட்கிறேன். பொதுக்குழு கூடும்போது இந்நான்கையும் ஏற்று ஆவன செய்யுமாறு வேண்டி அமைகிறேன். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!