அம்மாவுக்கு முத்து வேண்டாம்

(தூத்துக்குடியில் நடந்த கலைவிழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாடத்தான் கூப்பிட்டாங்க. இந்தப் பாட்டு எப்படி வந்துச்சுங்கறதை முதல்ல சொல்லிடுறேன்.

எங்கம்மா இந்தத் தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பது வருசம் உப்புச் சுமந்தவள். நான் பறையடிப்பேன், ஒப்பாரியும் பாடுவேன். ஒருநாள் கேட்டாள்: “ஊரான் வீட்டு எழவுக்கெல்லாம் பாடுதியே, நாஞ் செத்தா என்னத்தலே பாடுவே?” சிரிச்சுக்கிட்டே போயிட்டேன். அவள் செத்த அன்று எனக்கு ஒரு வரி வரவில்லை.

வாயில் வந்ததெல்லாம் கூலிக்குப் பாடிய சொற்கள். பொன்னு, முத்து, பல்லக்கு, மாளிகை. ஆண்டைகளின் பிணத்துக்கு முன்னால் அழுது பழகிய நாக்கு இது. நம் கண்ணீரைக்கூட ஊழியமாக்கி வைத்திருந்தது சாதி. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் நம் சனம் மறுத்தது சரியான மறுப்பு. ஆனால் நாம் மறுப்பது கூலிக்கு அழுவதைத்தான், அழுகையை அல்ல.

முத்தையே எடுத்துக்கோங்க. கொற்கை முத்து என்று பெருமை பேசுகிறோம். பாண்டியன், போர்ச்சுக்கீசியன், டச்சுக்காரன், வெள்ளைக்காரன் என்று எல்லோரும் பங்கு எடுத்தார்கள். மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மிஞ்சியது கொஞ்சம். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. எங்கம்மா முத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் பார்த்த வெள்ளை, உப்புதான். அவள் பாட்டில் முத்து எதற்கு?

அப்போதுதான் அறிவின் நினைவு வந்தது. 2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’க்கு நாமெல்லாம் ஆடினோம். அதன் வேர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். இதே தூத்துக்குடியிலிருந்தும் நம் சனம் கொழும்புக்குக் கப்பலேறியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பியது. அறிவு சாவுக்குக் காத்திருக்கவில்லை. பாட்டி உயிரோடு இருக்கும்போதே பாடினார். காணொளியில் அவரையே உட்கார வைத்தார். அதே ஆண்டு ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டை எழுதிப் பாடியவரின் முகம் இல்லை. பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். பாட்டு நம்முடையதாக இருந்தாலும் பேரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

நானும் பேரிலிருந்து தொடங்கினேன். அளத்தில் கணக்கப்பிள்ளை எங்கம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, “ஏ பிள்ளை” என்பதுதான். பாட்டில் அவள் பேரை ஏழு தடவை கூப்பிடுகிறேன். பொன்னையும் பல்லக்கையும் எடுத்துப்போட்டுவிட்டு அவள் சொற்களை வைத்தேன்: பாத்தி, வாருபலகை, தட்டுமேடு, அம்பாரம். உப்பில் ஊறிய பாதம் சிதையில் சீக்கிரம் வேகாது என்று அளத்துச் சனம் சொல்லும். பாட்டு அந்தப் பாதத்தில் முடிகிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. உங்க அம்மா வேலைக்கு என்னென்ன சொல் வச்சிருக்காங்கன்னு இன்னைக்கே கேட்டு எழுதிக்கோங்க. நான் கேட்காமல் விட்ட சொற்கள் அவளோடு போய்விட்டன. இந்தப் பாட்டில் இருப்பது மிச்சம்தான்.

பறையைக் காய்ச்சியாச்சு. பாடுறேன்.