எயில் காக்கும் கலை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பேசுவதற்கென்று எழுப்பிய மேடையிலே நாம் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். தலைப்பைச் சொன்னதும் செயலாளர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “திருவனந்தபுரத்தில் வாழ்ந்துகொண்டு பந்தைப் பற்றிப் பேசாதிருப்பதும் முறையன்று” என்று தாமே அமைதியுற்றார். ஆயினும் அவருடைய மனக்குறை தீர, இலக்கியத்திலேயே தொடங்குவோம்.

பகைவரின் மதிலை முற்றுகையிடுவோனுக்கு நம் முன்னோர் உழிஞைப் பூவைச் சூட்டினர். உள்ளிருந்து அம்மதிலைக் காப்பவனை மறந்தனரா எனின், இல்லை. தொல்காப்பியம் இருவர் செயலையும் உழிஞையிலேயே அடக்கிற்று. புறப்பொருள் வெண்பாமாலையோ காப்பவனுக்கென்று நொச்சி என்னும் தனித் திணையையே வகுத்தது. தாக்குவோனுக்கு ஒரு பூ, காப்போனுக்கு ஒரு பூ. இந்த நடுவுநிலைமை இன்றைய நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உண்டா? கோல் போட்டவனின் படம் அரைப்பக்கம் வரும். கோல் விழாமல் தடுத்தவனின் பெயரை ஆட்டப் பட்டியலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

நாமும் அப்படிப் பார்த்தவர்களே. 1980களின் பிற்பகுதியில் ஒரு மாலை, பாளையத்தில் உள்ள மைதானத்தில், வறுத்த கடலைப் பொட்டலமும் கையுமாகக் கேரளப் போலீஸ் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐ. எம். விஜயன் பந்தைத் தொடும்போதெல்லாம் அரங்கம் எழுந்து நின்றது. நாமும் எழுந்து நின்றோம். அருகில் இருந்தவர் சாலைக் கடைத்தெருவில் வாணிபம் செய்த ஒரு தமிழ்ப் பெரியவர். அவர் மட்டும் எழவில்லை. “தம்பி, பத்து நிமிடம் பந்தை மறந்துவிடு. பின்னால் நிற்கிறானே சத்தியன், அவன் ஒருவனையே பார்” என்றார்.

பார்த்தோம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றிற்று. பிறகே, ஒன்றும் நடவாதிருப்பதுதான் அவர் செய்த வேலை என்பது விளங்கிற்று. எதிரணியின் முன்னாட்டக்காரன் பந்தோடு வருகின்றான்; சத்தியன் பாய்ந்து விழவில்லை; ஒருபுறமாகச் சாய்ந்து நின்று, இரண்டு அடி பின்வாங்கி, அவனுக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகின்றார். அவ்வழியோ எல்லைக்கோட்டை நோக்கிச் செல்லும் வழி. வந்தவன் தானே விரும்பிப் போவதாக எண்ணிக்கொண்டு அங்கே போய் முடங்குகின்றான். அதற்குள் மற்றக் காவலர் இருவர் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டனர்.

இக்கலையைக் கற்பிப்பது எளிதன்று. கோல் அடிக்கக் கற்பிக்கும் ஆசான் பந்தை உதைத்துக் காட்டலாம். காக்கக் கற்பிப்பவன் எதைக் காட்டுவான்? பந்தை மட்டும் பார்த்தால் ஆள் நழுவிவிடுவான். ஆளை மட்டும் பார்த்தால் பந்து தலைக்கு மேலே போய்விடும். இரண்டும் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடமோ நொடிக்கு நொடி மாறுகின்றது. ஸ்டாப்பர் பேக் என்று நாம் வழங்கும் நடுக்காவலன் ஓர் அடி முன்னேறினால் ஏனைய காவலரும் அதே கணத்தில் முன்னேற வேண்டும். ஒருவன் பின்தங்கினாலும் ஆஃப்சைடு வலை அறுந்துவிடும். ஆகவே பின்வரிசைக்குக் காலைவிட வாய் முக்கியம். ஒருவரையொருவர் கூவி அழைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். 1925ஆம் ஆண்டில் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தி, முன்னாட்டக்காரனுக்கு முன்னே மூவர்க்குப் பதில் இருவர் இருந்தாற் போதும் என்றனர். உடனே கோல்கள் மழையாகப் பொழிந்தன. இலண்டன் ஆர்சனல் அணியின் பயிற்றாசிரியர் ஹெர்பர்ட் சாப்மன் நடுவில் ஆடியவரைப் பின்னே இழுத்து மூன்றாம் காவலராக நிறுத்தினார். இன்றைய ஸ்டாப்பர் அந்த மரபில் வந்தவரே.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடும் கால்பந்து வேறு வகை. கையால் எறிந்து ஆடுவது. ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. தாக்குவோர்க்கு ஓர் ஆசான், காப்போர்க்கு வேறோர் ஆசான் எனப் பிரித்தே வைத்துள்ளனர். காப்பையே கற்பித்து வாழ்நாளைச் செலுத்தியவர்கள் அங்கே பலர். நம் நாட்டுக் கல்லூரிகளிலோ பெரும்பாலும் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரே எல்லாமும். நம் நகரை அடுத்த காரியவட்டத்தில் 1985இல் இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி எழுந்தபின் முறையாகப் பயின்ற ஆசிரியர்கள் வெளிவருகின்றனர் என்பது ஆறுதல்.

காத்தவர்களை நாம் எப்படி நினைவு வைத்திருக்கின்றோம் என்று பாருங்கள். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்ட ராமனைக் கேட்டால் சிலராவது சொல்வர். அவ்வணியில் இடம்பெற்ற, நம் திருவிதாங்கூர் மண்ணில் பிறந்த, பின்னாட்டக்காரர் திருவல்லா பாப்பனைச் சொல்வார் எத்தனை பேர்? 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இரிஞ்ஞாலக்குடை சந்திரசேகரன் காவலராக இருந்தார். அவ்வணியின் ஆசான் ஐதராபாத் ரஹீம். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்னே நிறுத்தினார் அவர். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2க்கு 1 என வென்றபோது அந்த இரண்டில் ஒன்று ஜர்னைலுடையது. ஆசியாவின் தலைசிறந்த காவலருள் ஒருவரை ஊரார் இன்றும் நினைப்பது அவர் போட்ட கோலுக்காக!

மீண்டும் சத்தியனுக்கு வருவோம். வி. பி. சத்தியன் கண்ணூர்ப் பக்கத்துக்காரர், 1965இல் பிறந்தவர். கேரளப் போலீஸ் அணி 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் பெடரேஷன் கோப்பையை வென்றபோது பின்வரிசையின் தூண் அவரே. 1992இல் கோயம்புத்தூரில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம். 1973க்குப் பிறகு அக்கோப்பை கேரளத்துக்குக் கிட்டவில்லை. இறுதிவரை சென்று தோற்ற ஆண்டுகளும் பல. சத்தியனின் தலைமையில் கோவாவை 3க்கு 0 என வென்றனர். அந்த மூன்றைப் பற்றி அன்று பேசாதவர் இல்லை. நம் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது அந்தச் சுழி. நம் தாய்நாட்டு மண்ணில் நாம் குடியேறிய நாட்டு அணி வென்ற அன்று, கரமனையில் தமிழர் வீடுகளிலும் வெடி வெடித்தது. எந்தப் பக்கத்துக்கு என்று எவரும் கேட்கவில்லை.

இந்திய அணிக்கும் தலைவராயிருந்த அவர் பின்னர் சென்னைக்குச் சென்று இந்தியன் வங்கி அணியில் ஆடினார். ஆட்டம் ஓய்ந்தபின் அவ்வணிக்கே பயிற்சியாளருமானார். திருவனந்தபுரத்தில் கண்ட காவலன் நம் தாயகத்தின் தலைநகரில் ஆசானானார் என்று நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்ததோடு நின்றுவிட்டோம். காலில் பட்ட காயங்கள் அவரை விடவில்லை. ஆடிய கால் ஆடாமல் நிற்பதன் துயரம் ஆடாத நமக்கு விளங்குவதில்லை. 2006 ஜூலை 18ஆம் நாள் பல்லாவரத்தில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 41. பின்வரிசையில் ஒரே ஓர் ஓட்டை விழுந்தால் அதை அடைக்க மூவர் ஓடிவர வேண்டும் என்பது ஆட்டத்தின் பாலபாடம். அந்த மனிதரின் பக்கம் எத்தனை பேர் ஓடினோம் என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கின்றது. 2018இல் அவர் வாழ்வை மலையாளத்தில் ‘கேப்டன்’ என்னும் படமாக எடுத்தனர். திரையரங்குகளில் பலரும் அழுதனர். பன்னிரண்டு ஆண்டு கழிந்து வந்த கண்ணீர் அது.

பேச்சு கனமாகிவிட்டது, விழா நாளில் உங்களை வருத்த வந்தோமில்லை. ஒரு சிறு செய்தியைச் சொல்லி அமர்கின்றோம். நம் குடியிருப்பின் பின்புறத் திடலில் மாலைதோறும் சிறுவர் ஆடுவதை நீங்கள் அறிவீர்கள். ஆள் பிரிக்கும்போது, வல்லவரையெல்லாம் எடுத்துக்கொண்டபின் எஞ்சி நிற்கும் ஒரு பையனை, “நீ போய்ப் பின்னால் நில்” என்று அனுப்புவர். சென்ற மாதம் அப்படி நின்ற சிறுவன் ஒருவனிடம் சென்று, முன்பு அந்தச் சாலைப் பெரியவர் நமக்குக் காட்டியதைச் சொன்னோம்: “பாயாதே, பக்கவாட்டில் நில், வேலிப் பக்கத்து வழியை மட்டும் திறந்து வை.”

சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கத்தின் சூரன் பந்தோடு வந்தான். நம் பையன் பாயவில்லை, பின்வாங்கினான், சாய்ந்து நின்றான். வந்தவன் வேலிப் பக்கமாக ஓடி, பந்தைச் செம்பருத்திப் புதருக்குள் உதைத்துவிட்டுத் திகைத்து நின்றான். யாரும் கைதட்டவில்லை. பையன் மட்டும் ஒருமுறை நம் பக்கம் திரும்பிப் பார்த்தான். உடனே தன் இடத்துக்கு ஓடிப் போனான்.