கம்ப்யூட்டருக்கும் பல்லைப் பிடிச்சுப் பாருங்க

(ஒன்றியக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கம்ப்யூட்டர் வாங்க 35,000 ரூபாய் கடன் கேட்டாங்க. அவங்களுக்குத் தையல் வேலை. மகள் கல்லூரி முடிச்சிருக்கு. பார்ட்ஸ் வாங்கி அந்தப் பொண்ணே வீட்டில் மாட்டி, தமிழ் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், குழுக்களோட கணக்கு எல்லாம் செய்து கொடுக்கலாம்னு திட்டம். அப்போ ஒரு அக்கா எழுந்து, "கறவை மாட்டுக்குக் கடன்னா மாட்டைப் பார்த்துட்டுக் கொடுப்போம். இந்தப் பெட்டி நல்லதா கெட்டதான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கேன்.

மாடு வாங்கும்போது என்ன செய்யறோம்? வியாபாரி எவ்வளவு பேசினாலும், வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததான்னு பார்க்கிறோம். கம்ப்யூட்டருக்கும் பல் இருக்கு. அதுதான் பிராசசர் நம்பர்.

கடையில் போய் நின்றதும் "ஐ5 கம்ப்யூட்டர்மா, 15 ஆயிரம்தான்" என்பாங்க. ஐ5 என்பது வெறும் பேர். 2012-இல் வந்ததும் ஐ5தான், பத்து வருஷம் கழித்து வந்ததும் ஐ5தான். அதனால ஐ5-க்குப் பின்னால இருக்கிற முழு நம்பரைக் கேளுங்க. 3470 என்றால் அது மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. ஐ3 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. பேரில் ஐ3 சின்னதாகத் தெரிந்தாலும் வேலையில் அந்தப் பழைய ஐ5-ஐ விட இதுதான் எவ்வளவோ வேகம். இன்னொரு விஷயமும் இருக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்து வந்த பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் குறைந்தது எட்டாம் தலைமுறை வேணும் என்பது அந்தக் கம்பெனியோட கணக்கு. பத்துப் பேரோட ஆதார் நம்பரும் பேங்க் நம்பரும் அடிக்கப்போற பெட்டியில் பாதுகாப்பு இல்லைன்னா எப்படி?

நம்பரோட கடைசி எழுத்தையும் விடாதீங்க. 12100 வேற, 12100எஃப் வேற. எஃப் போட்டதில் படம் காட்டும் பகுதி உள்ளே கிடையாது. கொஞ்சம் விலை குறைவா இருக்கேன்னு அதை வாங்கி வந்து மாட்டினால் திரையில் ஒன்றுமே வராது. அப்புறம் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். ஏஎம்டி கம்பெனியோட சில பிராசசர்களில் இதுக்கு நேர் எதிர். ரைசன் 5 5600ஜி-யில் அந்த ஜி இருந்தால்தான் படம் வரும், வெறும் 5600-இல் வராது. நம்ம வேலைக்கு கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. வீட்டில் தம்பி யாராவது அது வேணும்னு அடம் பிடிச்சால், கேம் விளையாடத்தான் கேட்கிறான்னு புரிஞ்சுக்கோங்க!

அடுத்தது மதர்போர்டு. பிராசசருக்கு ஏற்ற போர்டுதான் வாங்கணும், ஜாக்கெட் அளவு மாதிரி, மாற்றி வாங்கினால் சேராது. 12100-க்கு ஹெச்610 போர்டு போதும். ஆனா அதிலேயே டிடிஆர்4 ராம் போடுவது, டிடிஆர்5 போடுவது என்று ரெண்டு வகை இருக்கு. ஒன்றோட ராம் இன்னொன்றின் பள்ளத்தில் உட்காராது. பில் போடும் முன்னே ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துடுங்க.

ராம் 8 ஜிபி ஒரே துண்டாக வாங்குங்க. 2025 கடைசியில் ராம் விலை மளமளன்னு ஏறினது. ஏஐ வேலைக்கான பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்களுக்கு நிறையப் போனதுதான் காரணம். பக்கத்துப் பள்ளம் காலியாக இருந்தால் வருமானம் வந்ததும் இன்னொரு 8 போட்டுக்கலாம். டிஸ்க், எஸ்எஸ்டியாக இருக்கணும், 256 ஜிபி கணக்கு வேலைக்கு ஏராளம்.

இப்போ நான் சண்டை போட்டாவது சொல்ல வேண்டியது எஸ்எம்பிஎஸ். கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டப்பா. கண்ணாடி வைத்து, கலர் கலராக லைட் எரிகிற கேபினெட்டுக்கு ஆசைப்பட்டு, அதோடு சும்மா வருகிற எஸ்எம்பிஎஸ்ஸையே மாட்டிடறாங்க. ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருக்கும். கையில் தூக்கினால் தகர டப்பா மாதிரி எடையே இருக்காது. நம்ம ஊர் கரண்ட் சாயங்காலம் ஆனால் எப்படி ஏறி இறங்கும்னு உங்களுக்கே தெரியும். அது போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும். என் கடைக்கு அப்படி வந்த பெட்டிகளே அதிகம். பேர் தெரிந்த கம்பெனியில், 80 பிளஸ் முத்திரை உள்ளதாக வாங்குங்க. டைப்பிங், கணக்கு வேலைக்கு இந்தப் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். அதனால வாட் அதிகம் வேணாம், தரம்தான் வேணும். கேபினெட் சாதாரணமா இருக்கட்டும். பின்னால் ஓட்டை இல்லாமல் மூடியிருக்கான்னு மட்டும் பாருங்க, பல்லி போய் போர்டில் செத்துக் கிடக்கும்.

600 விஏ யூபிஎஸ் ஒன்றும் இந்தக் கடனுக்குள்ளேயே வரணும். கரண்ட் போனதும் சேமித்துவிட்டு அணைக்கிற நேரம் கிடைத்தால் போதும். லேசர் பிரிண்டரை அதில் சொருகாதீங்க, தாங்காது. அதைவிட முக்கியம், பிளக் பாயிண்டில் எர்த் இருக்கான்னு வயர்மேனை வைத்துப் பார்க்கணும். இல்லாட்டி பெட்டியைத் தொடும்போது சுளீர்னு அடிக்கும்.

கீபோர்டு, மவுஸ் எது கிடைத்தாலும் சரி. பணம் குறைந்தால் மானிட்டர் அளவில் குறையுங்க, எஸ்எம்பிஎஸ்ஸில் குறைக்காதீங்க. விண்டோஸுக்குப் பணம் இல்லைன்னா திருட்டுக் காப்பி போடச் சொல்லாதீங்க. உபுண்டு, லிப்ரே ஆபீஸ் ரெண்டும் இலவசம், தமிழ் நல்லா வரும். டேலியோ, கைரேகை மிஷினோ பயன்படுத்தணும்னா விண்டோஸ் தேவைப்படலாம். அதை முதலிலேயே கணக்கில் சேர்க்கணும்.

பொண்ணே மாட்டிடுமான்னு கேட்கறீங்க. தையல் மிஷினைப் பிரித்து எண்ணெய் போட்டு மாட்டுகிற வீட்டுப் பொண்ணு, இதையும் மாட்டும். ஒரு ஸ்டார் திருப்புளி போதும். போர்டில் இருக்கிற மெல்லிய கம்பிகளை விரலால் தொடக்கூடாது. பிராசசரோட முக்கோணக் குறி, போர்டில் இருக்கிற குறிக்கு நேராக உட்காரணும். அழுத்தி ஏற்றக் கூடாது.

ஒவ்வொரு பார்ட்டுக்கும் டப்பாவும், சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில்லும் வாங்கணும். டப்பாவில் வருகிற இன்டெல் பிராசசருக்கு 3 வருஷ வாரண்டி உண்டு, ஆனா பில் இல்லாமல் வாய்ப் பேச்சு செல்லாது. சென்னை ரிச்சி தெருவில் விலை குறையும்தான். பழுது வந்தால் பஸ் ஏறிப் போகவேண்டியதையும் சேர்த்துப் பாருங்க.

கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது குழுவோட முடிவு. மூணு கடையில் கொட்டேஷன் வாங்குங்க. மொத்த விலை மட்டும் எழுதினதை வாங்காதீங்க, ஒவ்வொரு பார்ட்டோட முழு நம்பரும் இருக்கணும். அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துட்டு வாங்க, தீர்மானம் எழுதும் முன்னே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம். அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க.