எழுதி வைப்பது அவநம்பிக்கை அல்ல

(பல்கலைக்கழகம் செல்லும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சங்கம் நடத்திய வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பிள்ளைகளுக்கு இடம் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த கேள்வி, எங்கே தங்குவது? முதலாண்டில் பலருக்கு வளாக விடுதியிலேயே இடம் கிடைத்துவிடுகிறது. பிந்திய ஆண்டுகளில் அந்த உறுதி இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், பந்தாய் டாலாம், கெரிஞ்சி, பங்சார் சவுத், பெட்டாலிங் ஜெயா செக்‌ஷன் 17 என்று பிள்ளைகள் வெளியே வீடு தேடுகிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒரே செய்திதான். வீடு யாருடையதாக இருந்தாலும் எழுதி வாங்குங்கள். வீடு உங்களுடையதாக இருந்தால் எழுதிக் கொடுங்கள்.

நம் முன்னோர்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது கடை மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் அழைத்து வருவார், இன்னொருவர் இடம் கொடுப்பார். எல்லாம் வாய்ச்சொல்தான். முதலாளியும் ஆளும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள், ஊரில் இரண்டு குடும்பமும் ஒரே தெருவில் இருந்தன. அதனால் அந்த வாய்ச்சொல் நின்றது. இன்று வீடு கெரிஞ்சியில் இருக்கிறது, வீட்டுக்காரர் ஜொகூரில் இருக்கிறார், குடியிருப்பவர்கள் மூன்று ஊர்ப் பிள்ளைகள். வாய்ச்சொல் அவ்வளவு தூரம் தாங்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடகை விளம்பரங்களில் "இன்ன இனத்தாருக்கு மட்டும்" என்று எழுதுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெயரைச் சொன்னதும் "வீடு போய்விட்டது" என்று பதில் கேட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். அதில் மனம் சலித்து, தெரிந்தவர் மூலமாக நம்மவர் வீட்டுக்கே போகிறோம். நல்லதுதான். ஆனால் அங்கே ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. "நம்ம ஆள்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

பணக் கணக்கைப் பாருங்கள். மாத வாடகை 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வழக்கத்தில் இரண்டு மாத வாடகை முன்பணம், அது 3,000. தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம், 750. முதல் மாத வாடகை 1,500. சாவி கைக்கு வரும் முன்பே 5,250 வெள்ளி. மூன்று பிள்ளைகள் பங்கிட்டாலும் ஆளுக்கு 1,750. கல்விக் கடன் தவணை தவணையாகத்தான் வரும். வாடகையோ மாதம் தவறாமல் கேட்கும். இந்தத் தொகை அத்தாவின் சேமிப்பிலிருந்தும் உம்மாவின் கூட்டுப் பணத்திலிருந்தும்தான் வருகிறது.

அதில் 3,750 வெள்ளி திரும்பி வரவேண்டிய பணம். சிக்கல் அங்கேதான். பிள்ளைகள் வீட்டைக் காலி செய்கிறார்கள். வீட்டுக்காரர், "சுவருக்குச் சாயம் பூச வேண்டும், கட்டில் உடைந்திருக்கிறது" என்கிறார். பிள்ளைகள், "நாங்கள் வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்கிறார்கள். இரண்டு பேரும் உண்மையையே பேசுவதாக நினைக்கிறார்கள். அத்தா போய்க் கேட்கத் தயங்குகிறார், "அவர் ஜமாஅத்துக்காரர், எப்படிக் கேட்பது?" என்று. பணமும் போகிறது, பிறகு கல்யாண வீட்டில் பார்த்தால் சலாம் சொல்வதும் நின்றுவிடுகிறது. ஒரு தாள் இருந்திருந்தால் இரண்டும் மிஞ்சியிருக்கும்.

நம் நாட்டில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லை. பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் முடிவு. ஆகவே பிள்ளைகள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில், எதிரே இருப்பவர் யார்? அவர் வீட்டுக்காரரா என்று வீட்டு வரி ரசீதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். முழு வீட்டையும் ஒருவர் எடுத்து அறை அறையாக விடுகிறார் என்றால், அதற்கு வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். முகவர் நிறுவனத்தின் சார்பில் வருபவரிடம் பதிவு எண் கொண்ட சிவப்பு அட்டை இருக்க வேண்டும். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் செலுத்துங்கள், அவருடைய சொந்தக் கணக்கில் வேண்டாம்.

இரண்டாவது, யார் கையெழுத்திடுவது? 18 வயது நிரம்பாத பிள்ளை செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பெற்றோர்தான் கையெழுத்திட வேண்டும். மூவர் சேர்ந்து கையெழுத்திட்டால், ஒருவர் பாதியில் போய்விட்டாலும் முழு வாடகையையும் மற்ற இருவரிடம் கேட்க முடியும். அதனால் தோழர்களுக்குள்ளும் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, என்ன எழுதுவது? முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும், எதற்கெல்லாம் கழிக்கலாம், குளிர்சாதனம் பழுதானால் செலவு யாருடையது, படிப்பு முன்னதாக முடிந்தால் எத்தனை மாத அறிவிப்பில் வெளியேறலாம். நீண்ட விடுமுறைக்கும் வாடகை உண்டா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். குடிபுகும் அன்றே ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள்.

நான்காவது, கையெழுத்தான 30 நாளுக்குள் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுங்கள். 2025 முதல், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. நாம் சொன்ன வீட்டுக்கு 72 வெள்ளிதான். முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் அப்படியே சான்றாக ஏற்காது. முத்திரை இருந்தால், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வக்கீல் இல்லாமலே போகலாம்.

வீடு பார்க்கும்போது இன்னொன்று. "எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கம்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். வளாகம் பெரியது, நிலையத்திலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு இன்னும் ஒரு பேருந்து ஏற வேண்டியிருக்கும். வகுப்பு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் மக்ரிபுக்குப் பிறகும் அந்த வழியே நடந்து பாருங்கள். வேண்டாம் என்று மறுப்பதற்கு முன், கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். அவர்களின் படிப்பு அதில் இருக்கிறது.

இனி வீடு வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை பாக்கி இருந்தாலும், பூட்டை மாற்றிப் பிள்ளைகளை வெளியே நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. 1950ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7ஆம் பிரிவு நீதிமன்றம் வழியாகத்தான் போகச் சொல்கிறது. எழுதிய ஒப்பந்தம் உங்களையும் காக்கும். முன்பணம் உங்கள் கையில் இருக்கும் அமானிதம். தவணை முடிந்ததும், நியாயமான கழிவு போக, கேட்காமலே திருப்பிக் கொடுங்கள். கேட்க வைப்பதே அந்தப் பிள்ளையின் பெற்றோருக்குச் சங்கடம்.

"நம்மவருக்குள் எதற்கு எழுத்து? நம்பிக்கை இல்லையா?" என்று பெரியவர்கள் கேட்பது எனக்குத் தெரியும். மார்க்கச் சட்டத்தை விளக்க உலமாக்கள் இருக்கிறார்கள். நான் அதில் நுழையவில்லை. ஆனால் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதுவதைப் பற்றியும் சாட்சி வைப்பதைப் பற்றியும்தான் பேசுகிறது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்கிறது. அது சொல்லப்பட்டது ஈமான் கொண்டவர்களுக்கு. ஒருவரை ஒருவர் நம்புகிறவர்களுக்குத்தான் எழுதச் சொல்லியிருக்கிறது. நம்பிக்கை இருக்கும்போது எழுதுவது எளிது. அது போன பிறகு எழுத யாரும் உட்கார மாட்டார்கள்.

நம் பிள்ளைகள் நிம்மதியாகப் படித்து, பட்டத்தோடும் முன்பணத்தோடும், வீட்டுக்காரரின் துஆவோடும் திரும்பி வர அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.